‘நார்மல்’ என்று வந்த மூளைப் படம்

என் பாட்டி சாலாக் செலாத்தானில் மாமா வீட்டில் இருக்கிறார். வயது 74. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மளிகைக் கடைக்கு வாரந்தோறும் சீட்டு எழுதித் தருவது இன்றுவரை அவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சீட்டில் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. முதல் வரியில் ‘அரிசி’ ஒழுங்காக இருக்கும். கீழே போகப் போகக் குறுகி, கடைசி வரியில் ‘கடுகு’ உண்மையாகவே கடுகளவு ஆகிவிடும். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். நடக்கும்போது அவருடைய வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டியே இருந்தது. மரம் வெட்டிய கை, தேய்ந்துவிட்டது என்றோம். ரசம் தாளித்தால் வாசனை தெரியவில்லை என்றார், சளி என்றோம்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு மருத்துவர் ஐயப்பட்டு, நரம்பியல் நிபுணரிடம் செல்லக் கடிதம் கொடுத்தார. அந்தத் தேதி வருவதற்குள் மாமா அவசரப்பட்டு, ஆயிரம் வெள்ளிக்கு மேல் கட்டி, வெளியில் ஓரிடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார். ‘வயதுக்கு ஏற்ற மூளை, குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை’ என்பது அறிக்கையின் சாரம்.

“பாத்தியா, ஸ்கேன்லயே ஒன்னும் இல்லன்னு போட்டிருக்காங்க. அம்மாவுக்கு வயசாயிடுச்சி, அவ்ளோதான்” என்றார் மாமா. நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டிய தேதி அப்படியே கைவிடப்பட்டது. உயிர்மருத்துவம் படிக்கும் நானும் அந்த அறிக்கையைப் படித்தேன், தலையாட்டினேன். ஏழு மாதம் கழித்துப் பாட்டி குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பிறகே நிபுணரிடம் போனோம். அவர் பாட்டியின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். தட்டத் தட்ட அசைவு சிறுத்து வேகம் தளர்ந்தது. கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். கதவுவரை நடந்து திரும்பி வரச் சொன்னார். பத்து நிமிடத்தில் நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், என்றார்.

“எம்.ஆர்.ஐ. நார்மல்னு வந்துச்சே டாக்டர்?” என்று மாமா கேட்டார்.

“ஆமாம், இந்த நோயில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும்” என்பது பதில்.

மூளையின் உயிரணுக்களை அழிக்கும் ஒரு நோய், மூளையைப் படம் எடுத்தால் ஏன் தெரிவதில்லை? அன்று எனக்கு எழுந்த அந்தக் கேள்விக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் இந்நோயுடன் வாழ்ந்தவர்கள் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நம் வாசகர்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஓர் அறிக்கை அலமாரிக்குள் இருக்கக்கூடும்.

இழப்பு எங்கே நடக்கிறது?

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்து ஒரு சிறுநூல் எழுதினார். அதில் வருபவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் நடக்கக் கண்டதோடு சரி. நோயின் இருப்பிடம் மூளையில் எங்கே என்பது தெரிய இன்னும் நூறாண்டு ஆயிற்று. 1919இல் பாரிஸில் திரெத்தியாக்காப் என்ற ஆய்வாளர், நடுமூளையில் உள்ள ஒரு கருநிறப் பட்டை இந்நோயாளிகளிடம் வெளுத்திருப்பதைத் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார்.

அந்தப் பட்டையின் பெயர் சப்ஸ்டான்சியா நைக்ரா. தமிழில் கரும்பொருள் எனலாம். அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. அப்போது சேரும் ஒரு நிறமியே கறுப்புக்குக் காரணம். குழந்தைகளிடம் இப்பகுதி வெளிறியே இருக்கும். வயது ஏற ஏறக் கறுக்கும்.

இங்கே கணக்கைக் கவனியுங்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கரும்பொருளில் டோப்பமின் உண்டாக்குபவை இரு பக்கமும் சேர்த்துச் சில இலட்சங்களே. அவற்றில் பாதி அழிந்தாலும் 1,300, 1,400 கிராம் எடையுள்ள மூளையில் அது எள்ளளவும் ஆகாது. நரம்பணு இறந்த இடம் பள்ளமாகக் கிடப்பதுமில்லை. சுற்றியுள்ள துணை உயிரணுக்களும் நார்களும் நீரும் அங்கேயே இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவி மூளையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் எத்தனை நரம்பணு இருக்கிறது, எத்தனை போய்விட்டது என்று அது எண்ணுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கரும்பொருளிலிருந்து புறப்படும் நார்கள் புட்டாமென் என்னும் பகுதியில் போய் டோப்பமினைக் கொட்டுகின்றன. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிக்கீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, அங்கே டோப்பமின் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினர். புட்டாமெனின் சொந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வரவேண்டிய சரக்குதான் வரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர் விநியோகம் தடைபடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கூரைமேல் இருக்கும் தொட்டியை வெளியிலிருந்து படம் எடுத்தால் என்ன தெரியும்? தொட்டி தொட்டியாகத்தான் இருக்கும். குழாயைத் திறந்து பார்த்தவருக்கே விஷயம் தெரியும். நிபுணர் பாட்டியின் விரலைத் தட்டச் சொன்னது குழாயைத் திறந்து பார்த்ததுதான்.

யாருடைய மூளை அளவுகோல்?

1991இல் இலண்டனில் பியர்ன்லி, லீஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இறந்தவர்களின் கரும்பொருளில் நிறமியுள்ள நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தனர். நோயில்லாதவர்களிடமும் பத்தாண்டுக்கு 4.7 விழுக்காடு வீதம் அவை குறைந்துகொண்டே வந்தன. நோயாளிகளிடமோ அறிகுறி தொடங்கும் நேரத்திலேயே ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கும் என்று கணித்தனர். உலகெங்கும் பாடநூல்கள் பின்பற்றும் கணக்கு இது.

ஆனால் நான் மறுபடியும் மறுபடியும் படித்தது 1998இல் வந்த இன்னோர் ஆய்வை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் முத்தானே, யாஷா, சங்கர் ஆகியோர் இதே நரம்பணுக்களை இந்தியர்களின் மூளையில் எண்ணினர். நோயில்லாத இந்திய மூளைகளில் இவை பிரிட்டன் மூளைகளில் இருப்பதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தன! அதைவிட வியப்பு, வயது கூடினாலும் அவை குறையவில்லை என்பது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இலண்டன் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நோயில்லாத ஓர் இந்தியர் நோயின் வாசலில் நிற்பவர் போலத் தோன்றுவார். அவருக்கோ கை நடுங்கவில்லை, எழுத்து சிறுக்கவில்லை. ஆக, எத்தனை நரம்பணு இருக்கிறது என்பது மட்டும் நோய் ஆகாது. இருப்பது எவ்வளவு வேகத்தில் அழிகிறது, மீதியுள்ளவை எப்படி ஈடுகொடுக்கின்றன என்பவை சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லா இந்தியருக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாதுதான். எண்ணும் முறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். எனினும், ‘நார்மல்’ என்னும் சொல்லைக் கண்டால் யாருக்கு நார்மல் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது இந்த ஆய்வைப் படித்த பிறகே.

ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்

அப்படியானால் பார்க்கின்சன் நோயில் மூளையின் கன அளவு மாறுவதே இல்லையா? மாறுகிறது. அதைக் காணப் பெருங்கூட்டம் வேண்டும்.

அத்தகைய ஆய்வுகளில் முக்கியமானது 2021இல் வெளிவந்த எனிக்மா கூட்டாய்வு. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் தங்களிடமிருந்த எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுசேர்த்தன. நோயாளிகள் 2,357 பேர்; நோயில்லாதவர்கள் 1,182 பேர். கணினி ஒவ்வொரு மூளையையும் பகுதி பகுதியாகப் பிரித்து அளந்தது. தலை பெரியவருக்கு மூளையும் பெரிது. அறுபதைத் தாண்டினால் எவருக்கும் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில் மூளை சுருங்கக்கூடும். ஆகவே தலையளவு, வயது, பால் ஆகியவற்றைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

கண்டது என்ன? மூளைப் புறணியை 68 பகுதிகளாகப் பிரித்ததில் 38 பகுதிகள் நோயாளிகளிடம் மெலிந்திருந்தன. இரு பக்கப் புட்டாமெனும், அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டாலாவின் இடப்பக்கமும் சிறுத்திருந்தன. தலாமஸ் என்னும் பகுதியோ இடப்பக்கம் சற்றுப் பெரிதாக இருந்தது! எல்லாம் சுருங்கும் என்று நினைத்துப் படித்துக்கொண்டு வந்த எனக்கு இந்த இடம் பெரிய ஆச்சரியம். ஈடுகொடுக்கும் முயற்சியில் அப்பகுதி கூடுதலாக உழைப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. முடிந்த முடிபு அன்று.

இப்போது அந்த வேறுபாட்டின் அளவைப் பார்ப்போம். புட்டாமெனுக்கு ஆய்வாளர்கள் தந்த எண் 0.14. இரு கூட்டங்களின் சராசரி வேறுபாட்டை, ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் பரவலால் வகுத்தால் கிடைப்பது இது. புள்ளியியல் பாடத்தில் தூங்கியவர்களுக்காக (நானும் அதில் ஒருவன்) உயரத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு வகுப்பு மாணவர்களின் உயரப் பரவல் 6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 0.14 என்றால் இரண்டு வகுப்புகளின் சராசரி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. தாழ்வாரத்தில் எதிரே வரும் ஒருவரின் உயரத்தை மட்டும் பார்த்து, இவர் எந்த வகுப்பு என்று சொல்லிவிடுவீர்களா? வேறு விதமாகக் கணக்கிட்டாலும் அதே கதைதான். ஒரு நோயாளியையும் நோயில்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, ‘புட்டாமென் சிறியதாக இருப்பவரே நோயாளி’ என்று சொன்னால் நூற்றுக்கு 54 முறை சரியாக இருக்கும். நாணயத்தைச் சுண்டினாலே 50 முறை சரியாகிவிடும்.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப அந்த ஆராய்ச்சி எதுக்கு?” என்றார். நியாயமான கேள்வி.

கூட்டத்தின் சராசரி தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் நோயின் போக்கைச் சொல்லும். நோயின் முற்றலை ஹோன், யார் என்னும் இருவர் 1967இல் ஐந்து நிலைகளாக வகுத்தனர். ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் முதல் நிலை. இரு பக்கமும் என்றால் இரண்டு. உடல் சமநிலை தடுமாறத் தொடங்கினால் மூன்று. எனிக்மா ஆய்வில் தொடக்கத்தில் மூளையின் பின்புறம், மேற்புறம், பக்கவாட்டுப் புறணிகள் மெலிந்திருந்தன. நோய் முற்ற முற்ற மெலிவு முன்புறம் நோக்கி விரிந்தது. இரண்டாம் நிலையிலிருந்து புட்டாமெனும் அமிக்டாலாவும் படிப்படியாகச் சிறுத்தன. சிந்தனைத் திறன் தளர்ந்தவர்களிடம் புறணியின் மெலிவு பரவலாக இருந்தது. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய உட்பகுதிகளும் சுருங்கியிருந்தன. நடுக்குவாதம் என்றால் கை நடுக்கம் மட்டுமே என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று. மறதி, மனச்சோர்வு, காரணமில்லாத பயம் என்று நோயாளி சொல்வதை ‘வயசான காலத்துல ஏதோ பேசுது’ என்று தள்ளுகிறோமே, அதற்கும் மூளையில் இடம் உண்டு.

பாட்டிக்கு வாசனை போனதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. ஜெர்மனியின் பிராக் என்பவரும் அவர் குழுவினரும் 2003இல் முன்வைத்த கருத்தின்படி, நோய் முதலில் தொடுவது கரும்பொருளை அன்று. மோப்பப் பகுதியையும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியையும். கரும்பொருள் மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் மோப்பம் குன்றுவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் உதைப்பது ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே வரலாம் என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி.

இன்னொன்று. எனிக்மா ஆய்வுக்கு வந்த படங்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காப் பக்கத்தைச் சேர்ந்தவை. பெங்களூர் எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லிம் ஷென் யாங் தலைமையில் பார்க்கின்சன் நோய் பற்றிய ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. உலகளாவிய மரபணு ஆய்வுத் திட்டத்திலும் அப்பல்கலைக்கழகம் பங்கேற்கிறது. ஆய்வில் பங்குபெற அழைத்தால் நம்மவர் தயங்குவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். “சோதனை எலியாக்கிடுவாங்க” என்று பாட்டியின் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நாம் போய் உட்காராவிட்டால் அளவுகோல் வேறு யாருடைய மூளையைக் கொண்டோ செய்யப்படும்.

பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.?

எம்.ஆர்.ஐ. வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுக்குவாதம் போலவே தோன்றும் வேறு நோய்களைப் பிரித்தறிய அது பெரிதும் உதவுகிறது. சிறு பக்கவாதங்கள், கட்டி, மூளைக்குள் நீர் தேங்குதல் ஆகியவை படத்தில் தெரிந்துவிடும். நடுமூளையே கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கும் வேறொரு நோயும் உண்டு. அந்நோயாளியின் மூளையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் படத்தில் மூளைத்தண்டு ரீங்காரச் சிட்டின் தலையும் நீண்ட அலகும் போலத் தெரியும் என்பார்கள். அந்நோயில் ஆள் சீக்கிரமே விழத் தொடங்குவார். மருந்தும் சரியாகக் கேட்காது. அதனால்தான் பாட்டி விழுந்தார் என்றதும் நிபுணர் பழைய எம்.ஆர்.ஐ.யை எடுத்து நடுமூளையை உற்றுப் பார்த்தார். நடுமூளை நன்றாக இருந்தது. மாமா கட்டிய ஆயிரம் வெள்ளிக்கு அன்று பயன் கிடைத்தது. ‘நார்மல்’ என்ற அதே சொல், அந்தக் கடுமையான நோய் இல்லை என்பதற்குச் சான்றாயிற்று.

கரும்பொருளின் நிறமியையே காட்டும்படி எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறையை ஜப்பானியர் 2006இல் வெளியிட்டனர். டோப்பமின் நார்களின் முனையைக் கதிரியக்கப் பொருள் கொண்டு காட்டும் படமுறைகளும் உள்ளன. ஐயம் தீராதபோது இவை உதவும். ஆயினும் இன்றும் முதன்மையானது மருத்துவரின் கண்ணும் கையும், பிறகு மருந்துக்கு உடல் காட்டும் பதிலும்தான்.

அந்த மருந்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. டோப்பமினை வாயால் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. அதன் முன்னோடியான லெவோடோப்பா நுழையும். இந்த லெவோடோப்பாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். இடம், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம்! அப்பொருள் எந்த நோய்க்கு மருந்தாகும் என்று அன்று எவருக்கும் தெரியாது. 1961இல் வியன்னாவில் அதை நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்தியபோதுதான் படுத்தவர் எழுந்து நடந்தார். நான் இதைச் சொன்னதும் மாமா பூனைக்காலிப் பொடி வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் கிளம்பிவிட்டார், தடுத்து நிறுத்தினேன். விதையில் லெவோடோப்பா உண்மையாகவே 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கிறது. சிக்கலே அதுதான். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு தெரியாமல் கூடி, வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் கட்டுப்படாத உடலசைவும் வரலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

பாட்டி இப்போது காலை ஏழு மணிக்கு, பசியாறுவதற்கு அரை மணி முன்பு, மடோபார் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். புரதம் மிகுந்த உணவோடு சேர்ந்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. மருந்து இழந்த நரம்பணுக்களைத் திருப்பித் தராது. குறைந்த சரக்கை நிரப்புகிறது, அவ்வளவே. எட்டரை மணிக்கு எழுதும் சீட்டில் ‘கடுகு’ படிக்கும்படி இருக்கிறது. அடுத்த வேளை மாத்திரை நெருங்கும்போது எழுதினால் மறுபடி சிறுக்கிறது. அந்தச் சீட்டுகளைத் தேதியும் நேரமும் குறித்து எடுத்து வைக்கிறேன். அடுத்த முறை போகும்போது நிபுணரிடம் காட்ட வேண்டும்.

சென்ற முறை சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.க்கு மாறிப் போனோம். பாட்டி இரயில் கதவருகில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட, நான் ‘ஒன்னு, ரெண்டு’ என்று எண்ணினேன். எண்ணிக்கைக்கு அடியெடுத்து வைத்தார். மாமா நிபுணரிடம், இந்த ஆண்டு இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டார். “இப்போதைக்குத் தேவையில்லை. குளியலறையில் கைப்பிடி மாட்டியாயிற்றா?” என்றார் அவர். மாமா என்னைப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் இரண்டு மாட்டினோம். ஒன்று கதவருகில், ஒன்று குழாயருகில்.